எலியாவுக்கு முதலில் கிடைத்தவை அப்பமும் உறக்கமும்



நவம்பர் மாதம் நமக்கு இறந்தோரின் மாதம். மாலை ஐந்து மணிக்குள் இருள் சூழ்ந்துவிடும் இந்நாட்களில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வீடு திரும்புகிறோம். இம்முறை நான் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். குறிப்பாக, நம் வீடுகளில் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி.

கடந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் மண்டபத்தில், பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவி ஒருவர் இளையோரிடம் பதினைந்து நிமிடம் பேசினார். உளநலமும் நல்ல பழக்கங்களும் என்பது தலைப்பு. வழக்கமான அறிவுரைகள்தாம் வரும் என்று எண்ணி, தேநீர்க் கோப்பையோடு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். கைப்பேசியை இரவில் சமையலறையில் வைத்துவிடுவதாகச் சொன்னார். எவ்வளவு படிப்பு மீதமிருந்தாலும் பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிடுவாராம். மழை பெய்தாலும் நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பாராம். வாரத்தில் ஒருநாள் தோழியரோடு சேர்ந்து சமைத்து உண்பாராம். இவையெல்லாம் எளியவை. அதன்பின் அவர் சொன்ன ஒன்றுதான் என்னை இவ்வளவு எழுதவைக்கிறது.

“அப்பா செல்லடிக்குள் ஓடித் தப்பி வந்தவர். அம்மா முகாமில் இருந்தவர். அவர்களிடம் போய், ஒரு பரீட்சையை நினைத்து என்னால் காலையில் எழும்ப முடியவில்லை என்று எப்படிச் சொல்வது, பாதர்?”

என்னிடம் விடை இல்லை. இன்னும் முழுமையாக இல்லை.

நாம் பட்ட துன்பம் பொய்யன்று. யாழ்ப்பாணத்தில் போர் நடந்த ஆண்டுகளில் அங்கேயே மனநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், அப்போர் தமிழர் மனங்களில் இட்ட வடுக்களைப் பற்றி 1998-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சமூகமுமே காயப்படுகின்றன என்பதைப் பிற்பாடு விரிவாக எடுத்துரைத்தார். அக்காயத்தோடுதான் நாம் இந்நாட்டுக்கு வந்தோம். வேலை செய்தோம், வீடு வாங்கினோம், பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். ஆயினும், நம்மை அறியாமலேயே நம் துன்பத்தை ஓர் அளவுகோலாக்கிவிட்டோம். அதைவிடச் சிறிய துன்பம் எதற்கும் இவ்வீட்டில் பெயர் கிடையாது. நம் பிள்ளைகள் துன்பமில்லாமல் இருக்கிறார்கள் என்று கொள்ள முடியாது. சொல்லத் தகுதியுள்ள துன்பம் தங்களிடம் இல்லை என்றே அவர்கள் எண்ணுகிறார்கள்.

பரீட்சை என்பதையும் நாம் ஊர்க் கணக்கில் எடைபோடுகிறோம். இங்கு பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்தில் மூன்றாம் முறையும் தவறினால், அத்துறையையே விட்டு வெளியேற வேண்டும். வேறொரு பல்கலைக்கழகத்திலும் அதே துறையைத் தொடர்வது பெரும்பாலும் இயலாது. இருபத்திரண்டு வயதில் ஒரு கதவு முற்றாக மூடப்படும் என்ற அச்சம் சிறியதன்று. இதைத் தம் பெற்றோர் அறியமாட்டார்கள் என்று மண்டபத்தில் கைதூக்கியவர்கள் ஒன்பது பேர்.

மொழியும் ஒரு தடை. மனச்சோர்வு என்னும் நோயை நம்முள் எத்தனை பேர் அச்சொல்லால் அழைக்கிறோம்? “விசர்” என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்டோம். “அங்கொடைக்குத்தான் அனுப்பவேண்டும்” என்று பகிடி பண்ணி வளர்ந்த தலைமுறை நாம். அப்பகிடியைச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்த பிள்ளை, தன் மனம் தளரும் நாளில் நம்மிடம் வராது.

நோயை மறைப்பது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஜேர்மன் தேசிய அணியின் கோல்காப்பாளர் ரோபர்ட் என்கேயைக் காற்பந்து பார்க்கும் நம் இளைஞர் அறிவர். 2009 நவம்பர் 10 அன்று, தம் முப்பத்திரண்டாம் வயதில், அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பல ஆண்டுகளாக மனச்சோர்வு நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்ததை வெளியுலகம் அறியவில்லை. மறுநாள் அவருடைய மனைவி தெரேசா செய்தியாளர் முன் அமர்ந்து உண்மையைச் சொன்னார். நோய் வெளியே தெரிந்தால் விளையாட்டு வாழ்வு போய்விடும், தத்தெடுத்த பெண்குழந்தையையும் பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சமே அவரை மறைக்கச் செய்தது. புகழும் பணமும் நல்ல மருத்துவரும் இருந்த ஒருவரையே அம்மறைப்பு இவ்விடத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அவர் பெயரில் அமைக்கப்பட்ட அறக்கட்டளை இன்றும் இந்நோய் பற்றிப் பேசி வருகிறது.

இனி என் பிழையையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்து, தமக்கு இரவில் உறக்கமில்லை, எதிலும் நாட்டமில்லை என்றார். நான் அவருக்கு ஒரு செபமாலையைக் கொடுத்து, ஒன்பது நாள் நவநாள் சொல்லச் சொன்னேன். கால்மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். அன்று வேறொரு கூட்டம் இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. சில மாதங்களின்பின் அவர் மருத்துவமனையில் இருந்ததைப் பிறர் வாயிலாக அறிந்தேன். இறைவன் அருளால் இன்று நலமாக இருக்கிறார். செபமாலை பிழையன்று. உறக்கமில்லாதவனிடம் எத்தனை நாள்களாக உறங்கவில்லை என்று கேட்காததே என் பிழை.

குருமடத்தில் அரசர்கள் முதல் நூலை வாசித்தபோது எலியாவின் வீரத்தையே படித்தோம். கார்மேல் மலை வெற்றிக்குப் பின் அவர் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, தமக்குச் சாவு வரவேண்டுமென்று மன்றாடியதைக் கடந்து சென்றுவிட்டோம். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நம்பிக்கை குறைந்துவிட்டதா என்று வினவவும் இல்லை. வானதூதர் சுட்ட அப்பத்தையும் தண்ணீரையும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னார். உண்டபின் எலியா மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் உணவே வந்தது. அதன்பின்தான் ஓரேபு மலைக்கான நீண்ட நடை. ஆண்டவரின் மெல்லிய குரல் கேட்டது அங்கேதான். உறக்கம், உணவு, நடை என்று அம்மாணவி வாசித்த பட்டியல் அப்போது எனக்குப் புதியதாகத் தோன்றவில்லை.

திருச்சபையும் இதில் மெல்லவே கற்றுக்கொண்டது என்பதை ஒரு குருவாக நான் ஒப்புக்கொள்ள வேண்டும். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், வேண்டுமென்றே தம் உயிரை மாய்த்தவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் சட்டத்தில் அத்தடை இல்லை. கடும் உளநோய் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அத்தகையோரின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. ஆன்மாக்கள் மாதத்தில் ஒரு பெயரை மட்டும் உரக்கச் சொல்லத் தயங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்பெயரைத் திருப்பலிக் கருத்தாகத் துணிந்து என்னிடம் தாருங்கள்.

செய்யக்கூடியவை சில உள. பெரும்பாலான பல்கலைக்கழக நகரங்களில் மாணவர் நலப்பணி நிறுவனமான ஷ்டூடீரெண்டன்வெர்க் உளவள ஆலோசனை வழங்குகிறது. பொதுக் காப்புறுதி உளச்சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இடம் கிடைக்கப் பல மாதங்கள் காத்திருக்க நேரலாம். முதல் சந்திப்புக்கு 116117 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். பதினெட்டு வயது கடந்த பிள்ளை அங்கே பேசியதை அப்பிள்ளையின் சம்மதமின்றிப் பெற்றோருக்குச் சொல்ல மாட்டார்கள். இதைப் பெற்றோர் குறையாகக் கொள்ள வேண்டாம். பிற்காலத்தில் தனியார் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கையில் சிகிச்சை பற்றிக் கேட்பார்களே என்று சிலர் அஞ்சுகிறீர்கள். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, கேட்பதுண்டு. ஆனாலும் பிள்ளையைவிடக் காப்புறுதி பெரிதன்று.

நள்ளிரவில் யாருமில்லை என்று தோன்றினால் 0800 111 0 111 அல்லது 0800 111 0 222. இது கத்தோலிக்க, புரொட்டஸ்தாந்து திருச்சபைகள் தாங்கி நடத்தும் ரெலிபோன்ஸேல்ஸோர்கே. இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஜேர்மன் மொழியில்தான் பேசுவார்கள். நம் பிள்ளைகளுக்கு அது தடையன்று. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112. தமிழில் பேச விரும்பினால் என் எண் உங்களிடம் உள்ளது. இம்முறை நான் கடிகாரத்தைப் பார்க்கமாட்டேன்.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அதே மாணவி மீண்டும் பேசுகிறார். இம்முறை பெற்றோரையும் அழைத்திருக்கிறோம். தேநீரும் வடையும் இருக்கும். அவர் வைத்த நிபந்தனை ஒன்றே: முதல் அரைமணி நேரம் பெற்றோரும் பாதரும் வாய் திறக்கக் கூடாது.