பத்தாம் எண்ணை மாற்றுவதற்கு முன்

கோல் விழாத ஆட்டம் முடிந்ததும் நம் பயிற்றுநர்களிடையே முதலில் அடிபடுவது பத்தாம் எண் சட்டை போட்ட பையனின் பெயர்தான். பந்தைக் காலிலேயே வைத்திருந்தான், நேரத்துக்குக் கொடுக்கவில்லை, தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை என்பார்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் வெளியே, இன்னொருவன் உள்ளே. அப்போதும் கோல் விழுவதில்லை. பேராக்கில் கோப்பெங், கம்பார், பத்து காஜா எங்கும் இதே கதை. தாக்குதல் சோர்ந்து போனால் குற்றம் ஆட்டத்தை நடத்தும் பையன் மீதா, அவனை இறக்கிவிட்ட திட்டத்தின் மீதா என்று கேட்டால், முதலில் திட்டத்தைப் பாருங்கள் என்றே இந்த இதழ் சொல்லும்.

அமெரிக்கக் காற்பந்திலும் இந்த வழக்கு ஓய்வதில்லை. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் சரியில்லையா, ஒவ்வொரு நகர்வுக்கும் உத்தி சொல்லும் பயிற்றுநர் சரியில்லையா என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். ஆனால் அங்கே பிரித்துப் பார்க்க ஒரு வழியாவது உண்டு. அங்குள்ள தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 1994 முதல் பயிற்றுநர் வானொலி மூலம் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் பேசலாம். அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிஞ்சியிருக்கும்போது தொடர்பு துண்டிக்கப்படும். பிறகு அவர் பாடு. நம் ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் உத்தி சொல்லப் பந்து நின்று தருவதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லி, பழக்கியும் முடித்திருக்க வேண்டும். ஆகவே நம் பொறுப்பு அவர்களுடையதைவிடக் கூடுதல்.

தென்கிழக்காசிய நாடுகள் மோதிய 2010 சுசூகி கிண்ணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். டிசம்பர் 1ஆம் தேதி ஜகார்த்தாவில் நோர்ஷாருல் முதல் கோலை அடித்தும் மலேசியா 1-5 என்று இந்தோனேசியாவிடம் நொறுங்கியது. பயிற்றுநர் கே. ராஜகோபால் அதற்காக நோர்ஷாருலை ஒதுக்கிவிடவில்லை. டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் நடந்த இரண்டு சுற்று இறுதியாட்டத்தின் முதல் சுற்றில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று வென்றார்கள். முதல் கோலுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர் அதே நோர்ஷாருல். அடித்தவர் சாஃபி சாலி. கிண்ணமும் 4-2 என்ற மொத்தக் கணக்கில் கைக்கு வந்தது. இருபத்தைந்து நாளில் யாருடைய கால் திறமையும் மாறிவிடாது. யார் எங்கே நிற்பது, பந்து பறிபோனால் யார் பின்னால் ஓடுவது என்பதெல்லாம் மாறும். அது பயிற்றுநர் வேலை.

கோப்பெங் திடலில் அண்மையில் பார்த்த ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். முந்தின நாள் மழையில் இடது ஓரம் முழுக்கச் சேறு. பத்தாம் எண் பையன் கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கினான். உடனே இரண்டு பேர் மேலே விழுந்தார்கள். அவனுடைய முன்வரிசை இருவரும் கோல் வாசலில், எதிரணிக்காரர்களை ஒட்டியே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இடது ஓரத்தவன் சேற்றில். பின்னால் துணைக்கு வர வேண்டியவன் நடுக்கோட்டையே தாண்டவில்லை. கோட்டுக்கு வெளியிலிருந்து "குடுடா! குடுடா!" என்று கத்தல். யாரிடம் கொடுப்பான்? திரும்ப முயன்றான், பந்து போனது. அடுத்த பாதியில் அவன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

பெற்றோர் யாராவது கைப்பேசியில் ஆட்டத்தைப் பதிவு செய்திருப்பார்கள். அதை வாங்கி, அந்தப் பையனுக்குப் பந்து வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துங்கள். எத்தனை பேர் வாங்கும் இடத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். யாருமே இல்லை, அல்லது ஒருவன்தான் என்றால் கோளாறு நம் திட்டத்தில். இரண்டு மூன்று பேர் காலியாக நின்றும் அவன் மீண்டும் மீண்டும் தவறவிட்டால், அப்போது அவனிடம் பேசலாம். ஆட்டக்காரன் மீது தவறே இருக்காது என்று நான் வாதாட வரவில்லை.

ஆனால் அந்தத் தவறும் பெரும்பாலும் பழக்கத்தில்தான் இருக்கிறது. பந்து வருமுன்பே தோளுக்குப் பின்னால் பார்ப்பவன்தான் நல்ல பந்து கொடுப்பான். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இதைத்தான். தோட்டங்கள் இருந்த காலத்தில் இதை யாரும் சொல்லித் தரவில்லை. சாயங்காலமானால் லயத்துப் பிள்ளைகள் பெரியவன் சின்னவன் வித்தியாசமில்லாமல் திடலில் இறங்குவார்கள். பார்க்காமல் வாங்கினால் பெரியவன் வந்து இடித்துப் பிடுங்கிவிடுவான். இன்று தோட்டம் கைமாறி, குடும்பங்கள் தாமான்களுக்குப் போய்விட்டன. வாரத்தில் ஓரிரு மாலைப் பயிற்சிதான் மிச்சம். அந்த நேரத்தையும் கூம்புகளைச் சுற்றி ஓடவிட்டே கழிக்கிறோம். கூம்பு யாரிடமும் பந்தைப் பிடுங்குவதில்லை. நாலுக்கு நாலு, சின்ன இடம், வயது கலந்த அணிகள் என்று ஆடவிட்டால் தோட்டத்துத் திடல் கொடுத்ததில் பாதியாவது திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 1970க்குப் பிறகு 1998இல்தான் பேராக் மலேசியக் கிண்ணத்தை மீண்டும் வென்றது. அந்த வெற்றியைச் சொன்னாலே நாம் பயிற்றுநர் கார்ல் வைகாங் பெயரைச் சேர்த்துச் சொல்கிறோம். ஈப்போவிலேயே வாழ்ந்து 2017இல் மறைந்த அவருக்கு அந்தப் பெருமை தகும். வெற்றியில் பயிற்றுநருக்குப் பங்கு கேட்கும் நாம், தோல்வியில் மட்டும் பன்னிரண்டு வயதுப் பையனைக் கைகாட்டுவது நியாயமில்லை.

பத்தாம் எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மாற்றுங்கள். அதற்கு முன் அந்தப் பதிவை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். நிறுத்தி நிறுத்தி, எங்கே யார் நின்றார்கள் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.