எண்ணும் ஒரு சிபாரிசுக் கடிதம்தான்

போன கிழமை பெரியம்மாவின் மகள் ஒரு எக்செல் கோப்பு அனுப்பியிருந்தாள். வட இத்தாலியில் மாஜிஸ்திராலே கடைசி வருடம். ஆய்வுக்கு ஒரு பேராசிரியர் தேட வேண்டும். 11 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே கூகிள் ஸ்கொலரில் எடுத்த மேற்கோள் எண்ணிக்கை, எச் சுட்டெண், கூட்டாக எழுதியவர்களின் தொகை. பெரிய எண் மேலே, சின்ன எண் கீழே.

"அண்ணா, முதலாவது ஆளிட்டயே போகட்டா?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். எங்கட வீடுகளில் புள்ளி கேட்காமல் தேத்தண்ணி தர மாட்டினம். அதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. நான் வளர்ந்த பலெர்மோவில் எந்த வேலைக்குப் போனாலும் முதல் கேள்வி 'ஆரைத் தெரியும்?' என்பதுதான். எங்கள் அப்பாமாருக்கு ஆரையும் தெரியாது. எங்கள் பெயரை ஒழுங்காகச் சொல்லவே இங்கே ஒரு வருடம் எடுக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எண் ஒரு கேடயம் மாதிரித் தெரியும். எண் ஆளைப் பார்க்காது, தோலைப் பார்க்காது என்று நானும் நம்பியவன்தான்.

இத்தாலியும் அப்படித்தான் நம்பியது. இங்கே பல்கலைக்கழகங்களில் செல்வாக்குள்ள பேராசிரியர்களைப் 'பாரோனி' என்பார்கள். குறுநில மன்னர்கள். தங்கள் ஆட்களுக்கே கதிரை கொடுப்பார்கள் என்ற பழி நீண்ட காலமாக உண்டு. 2010இல் வந்த 240ஆம் இலக்கச் சட்டம் பேராசிரியர் பதவிக்கு தேசிய தகுதி காண் முறையைக் கொண்டுவந்தது. 2012இல் முதல் சுற்று. அறிவியல், பொறியியல் துறைகளில் மூன்று எண்கள்: கட்டுரைகளின் தொகை, மேற்கோள்களின் தொகை, எச் சுட்டெண். மூன்றில் இரண்டிலாவது குறித்த அளவைத் தாண்ட வேண்டியிருந்தது. (எச் சுட்டெண் 10 என்றால், உங்களின் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 தரம் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று பொருள்.) தன்னைத் தானே மேற்கோள் காட்டினாலும் அது கணக்கில் சேர்ந்தது.

பிறகு என்ன நடந்தது? சியெனா, பாவியா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 2019இல் பிளொஸ் வன் இதழில் அதை எழுதினார்கள். ஒரு நாட்டின் கட்டுரைகளுக்கு வரும் மேற்கோள்களில் எவ்வளவு அதே நாட்டிலிருந்து வருகிறது என்று பத்துக்கு மேற்பட்ட நாடுகளில் அளந்தார்கள். புதிய விதி வந்த பிறகு இத்தாலியின் கோடு மட்டும் மற்ற நாடுகளை விட்டு விலகி மேலே ஏறியது. தன்னைத் தானே மேற்கோள் காட்டுவதும், நீ எனக்கு நான் உனக்கு என்று குழுவாக மாற்றிக்கொள்வதும்தான் காரணம் என்பது அவர்களின் முடிவு.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. டாஷ்போர்ட் கட்டிக்கொடுத்துத்தான் நான் உழைக்கிறேன். ஒரு வாடிக்கையாளர், மூடிய டிக்கெட்டுகளை எண்ணி போனஸ் கொடுக்கத் தொடங்கினார். இரண்டு மாதத்தில் ஒரு பிரச்சினைக்கு நாலு டிக்கெட். என் வரைபடம் அழகாக ஏறியது. அங்கே வேலை செய்தவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை.

'இத்தாலிக்காரர் அப்படித்தான்' என்று சிரிக்க வேண்டாம். அதே 2019இல் நேச்சர் இதழ் அளவுக்கு மீறித் தன்மேற்கோள் காட்டுபவர்களைப் பற்றி எழுதியபோது, கட்டுரை தொடங்கியதே சென்னையில் வேலை செய்யும் ஒரு கணினி அறிவியலாளரிடமிருந்துதான். அவருக்கு வந்த மேற்கோள்களில் 94 வீதம் அவருடையதும் கூட்டாளிகளுடையதும். ஒருவர் தன் ஆய்வைத் தொடரும்போது பழைய கட்டுரையைக் காட்டத்தான் வேண்டும், அது சரி. ஆனால் 94!

எச் சுட்டெண்ணை 2005இல் உருவாக்கிய இயற்பியலாளர் ஹேர்ஷ்கூட, அதற்கு மோசமான எதிர்பாராத விளைவுகள் இருக்கலாம் என்று 2020இல் எழுதிவிட்டார்.

இப்போது கேடயத்துக்கு வருவோம். மேற்கோள் வட்டத்துக்குள் போக என்ன வேண்டும்? ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய ஆளின் கட்டுரையில் உங்கள் பெயரும் ஏற வேண்டும். பழைய சிபாரிசுதான், எண் உடுப்புப் போட்டு வந்திருக்கிறது. முந்தி 'இவன் என்ர ஆள்' என்று கடிதம் எழுதினார்கள், அதை எதிர்த்துச் சண்டை பிடிக்கலாம். எண்ணோடு எப்படிச் சண்டை பிடிப்பீர்கள்? வட்டத்துக்கு வெளியே நிற்கும் எங்கட பிள்ளைகளுக்கு இரண்டுமே ஒரே மூடின கதவு.

பலெர்மோவில் தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் வியா ஆர்கிராஃபி என்ற தெரு இருக்கிறது. உங்களில் பலர் அதால் நடந்திருப்பீர்கள். 1937இல் அங்கே இயற்பியல் கூடத்தில் இருந்த எமிலியோ செக்ரேக்கு, கலிபோர்னியாவிலிருந்து லோரன்ஸ் ஒரு மொலிப்டினம் தகட்டைத் தபாலில் அனுப்பினார். சைக்ளோட்ரோனில் அடி வாங்கிய தகடு. அதில் இருப்பதைப் பிரித்தெடுக்க இரசாயனம் தெரிந்த ஆள் வேண்டும். கனிமவியல் பேராசிரியர் கார்லோ பெரியே கைகொடுத்தார். ஆவர்த்தன அட்டவணையில் 43ஆம் இடம் அப்படித்தான் நிரம்பியது: டெக்னீசியம். கூட்டு வேலை என்றால் இது. ஒருவரிடம் இல்லாததை மற்றவர் கொண்டுவந்தார். அடுத்த வருடம் இனச் சட்டங்களால் யூதரான செக்ரே பதவியை இழந்தார். கலிபோர்னியாவுக்குப் போயிருந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

அந்தத் தனிமத்தின் ஒரு வகையைத்தான் இன்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் எலும்பு ஸ்கானுக்கும் இதய ஸ்கானுக்கும் ஊசியில் ஏற்றுகிறார்கள். உங்கள் அம்மம்மாவுக்கு ஸ்கான் எழுதிய டொக்டர் செக்ரேயையும் பெரியேயையும் மேற்கோள் காட்டவில்லை. காட்டத் தேவையுமில்லை. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் சொந்தமான பிறகு அதன் மேற்கோள் நின்றுவிடும்.

அதனால் தங்கச்சிக்கு இப்படி எழுதினேன். எண்ணை அழிக்க வேண்டாம், ஆனால் அதால் வரிசைப்படுத்தாதே. ஒவ்வொருவரின் ஒரு கட்டுரையையாவது முழுதாக வாசி. அதை மேற்கோள் காட்டியவர்களில் ஐந்து பேரைத் திறந்து பார்: பயன்படுத்தினார்களா, சும்மா பெயர் சொல்லிப் போனார்களா? கூட எழுதியவர்களில் மாணவர் யார், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? அவர்களில் ஒருவருக்கு எழுதி, அங்கே வேலை செய்வது எப்படி என்று கேள்.

நேற்று கோப்பு திரும்பி வந்தது. புதிதாக ஒரு நிரல்: 'மின்னஞ்சலுக்குப் பதில் போட்டாரா?' ஒன்பதாவது இடத்தில் இருந்தவர் அன்று பின்னேரமே பதில் போட்டு, தன் ஆய்வுகூடத்துக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். முதலாவது ஆளின் கட்டம் இன்னும் வெறுமை.