வாக்கு முந்தி, கணக்கு பிந்தி

2012 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, சங்கரன்கோவில் தொகுதியில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாளே சென்னையில் அமைச்சரவை கூடி, கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் திறக்கலாம் என்று பச்சைக்கொடி காட்டியது. 21ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. 26ஆம் தேதி நிதியமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் நிதிநிலை அறிக்கையைப் படித்தார். அந்த மாதம் முடிவதற்குள் மின் கட்டண உயர்வு அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குளத்து மடையைத் திறந்ததுபோல, ஒரு தொகுதியின் வாக்குப்பதிவு முடியக் காத்திருந்த முடிவுகளெல்லாம் இரண்டே வாரத்தில் வெளியே வந்தன.

நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். இப்போது தென்காசி மாவட்டம். அன்று திருநெல்வேலி மாவட்டம். அந்தச் சில வாரங்களில் அமைச்சர்களின் கார்கள் அந்தச் சாலையில் ஓயாமல் போய்வந்தன. அமைச்சரவையின் பெரும்பகுதி தொகுதியிலேயே முகாமிட்டிருந்தது. வானம் பார்த்த பூமியும் விசைத்தறியும் பூச்சந்தையும் கொண்ட ஒரு தனித்தொகுதிக்கு அத்தனை அமைச்சர்கள் ஒருசேர வந்தது அரிது. மாநிலத்தின் கஜானாவில் என்ன இருக்கிறது, அடுத்த மாதம் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற கணக்கு மட்டும் அவர்களோடு வரவில்லை.

தமிழ்நாட்டில் நிதியமைச்சர் பதவி எப்படிப்பட்டது என்பதற்குப் பன்னீர்செல்வத்தின் அரசியல் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடையாது. பெரியகுளத்தில் தேநீர்க் கடையோடு தொடர்புள்ள குடும்பம். 1996இல் பெரியகுளம் நகராட்சித் தலைவர். 2001இல் பெரியகுளம் சட்டமன்ற உறுப்பினர், வருவாய்த் துறை அமைச்சர், அதே செப்டம்பரில் முதலமைச்சர். 2011இல் போடிநாயக்கனூருக்கு மாறி நிதியமைச்சரானார். 2017இல் து. ஜெயக்குமார் வாசித்த ஒன்றைத் தவிர, 2011 ஆகஸ்ட் முதல் 2021 பிப்ரவரி வரையிலான நிதிநிலை அறிக்கைகள், இடைக்கால அறிக்கைகள் உட்பட, எல்லாவற்றையும் வாசித்தவர் அவர்தான். முதலமைச்சராக இருந்த 2015 மார்ச்சிலும் நிதித் துறையைக் கையில் வைத்துக்கொண்டு அவரே வாசித்தார். ஜெயலலிதா அமர்ந்த இருக்கையில் அப்போதும் அவர் அமரவில்லை.

இவ்வளவு நீண்ட காலம் பெட்டியைச் சுமந்தவர் கையில் சாவி இருந்ததா? 2011 நவம்பர் 17ஐ எடுத்துக்கொள்வோம். உள்ளாட்சித் தேர்தல் அக்டோபரில் முடிந்திருந்தது. பேருந்துக் கட்டணமும் ஆவின் பால் விலையும் ஒரே நாளில் உயர்த்தப்பட்டன. பால் லிட்டருக்கு 6 ரூபாய் 25 காசு ஏறியது. புறநகர்ச் சாதாரணப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 28 காசு 42 காசானது. ஐம்பது கிலோமீட்டர் போகிறவருக்கு 14 ரூபாய் டிக்கெட் 21 ரூபாயாகும். பனவடலிசத்திரத்தில் பஸ் ஏறி நெல்லைக்கு வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய்வருகிறவருக்கு இது மாதக் கணக்கையே புரட்டிப்போடும் ஏற்றம். அதைத் தொலைக்காட்சியில் தோன்றி மக்களிடம் சொன்னவர் முதலமைச்சர் ஜெயலலிதா. நிதியமைச்சரின் குரல் அன்று கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் மதிப்புக்கூட்டு வரி 4 விழுக்காட்டிலிருந்து 5க்கும், 12.5இலிருந்து 14.5க்கும் உயர்ந்தபோதுகூட, ஆகஸ்டில் வந்த திருத்திய நிதிநிலை அறிக்கைக்குக் காத்திருக்கவில்லை.

சட்டமன்ற விதி 110ஐயும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன்கீழ் முதலமைச்சர் அறிவித்தால் விவாதம் கிடையாது. பெரிய செலவுத் திட்டங்கள் அந்த வழியாகவே வரத் தொடங்கிய பிறகு, நிதியமைச்சர் மார்ச்சில் வாசிப்பது ஏற்கெனவே முடிவான கணக்கின் கூட்டுத்தொகையாகச் சுருங்கிப்போனது.

இனி சங்கரன்கோவிலுக்கு வருவோம். 2012 பிப்ரவரி 1 அன்று சட்டமன்றத்தில் இந்தப் பால், பேருந்துக் கட்டண உயர்வு பற்றித்தான் விவாதம் மூண்டது. உயர்வை உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பே அறிவித்திருக்கலாமே என்பது தேமுதிகவின் கேள்வி. சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் தனித்து நின்று பாருங்கள் என்பது ஜெயலலிதாவின் பதில் சவால். தேமுதிக தலைவர் விஜயகாந்த் விரல் நீட்டிப் பேசியதும், அவை அமளியானதும், அவர் இடைநீக்கம் செய்யப்பட்டதும் இன்றும் தொலைக்காட்சிகள் எடுத்துப் போடும் காட்சி. விரலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், கேள்வியை மறந்துவிட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. சவாலும் ஒரு வகையில் நியாயமானதே: விலையை ஏற்றிவிட்டு வாக்குக் கேட்கிறோம், வாருங்கள் என்கிறது அது.

முடிவு என்ன? 2011 பொதுத்தேர்தலில் அமைச்சர் சொ. கருப்பசாமி ஏறத்தாழப் பத்தாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதி அது. அவர் மறைந்து நடந்த இடைத்தேர்தலில், நகராட்சித் தலைவராக இருந்த அதிமுகவின் முத்துச்செல்வி 68 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரரான வைகோவின் மதிமுகவால் மூன்றாம் இடத்தைத் தாண்ட முடியவில்லை. பால் விலைக்கும் பஸ் கட்டணத்துக்கும் கிடைத்த அங்கீகாரம் என்று ஆளுங்கட்சி சொல்லிக்கொண்டது.

நான் அப்படிப் படிக்க மாட்டேன். தொகுதி நெடுங்காலமாக அதிமுக பக்கம் சாய்ந்திருந்தது என்பது உண்மை. மாநிலம் முழுக்க அந்தக் கட்சிக்கு நான்கே இடம் கிடைத்த 1996லும் கருப்பசாமி இங்கே வென்றவர். ஆனால் 68 ஆயிரத்துக்கு அது மட்டும் காரணமாகாது. நான்கு ஆண்டுக்கு மேல் ஆட்சிக் காலம் மிச்சமிருக்கும் அரசை எதிர்த்து ஒரே ஒரு உறுப்பினரை அனுப்பி என்ன ஆகப்போகிறது என்று வாக்காளரும் கணக்குப் போடுகிறார். ஏறிய பஸ் கட்டணம் எப்படியும் இறங்காது; ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. இருந்தால் ரோடாவது வரும். இடைத்தேர்தல்களில் ஆளுங்கட்சிகள் வெல்வதன் பின்னால் பணமும் அதிகாரமும் இருக்கிற அளவுக்கு இந்தக் கணக்கும் இருக்கிறது. வாக்காளர் ஏமாளி என்று எழுதுவது எளிது. அவர் முன்னே வைக்கப்பட்ட வினாத்தாளில் நிதிநிலை பற்றிய கேள்வியே இல்லை என்பதுதான் நடந்தது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மின் கட்டணம் உயரப்போகிறது என்பது 2012 மார்ச்சில் ரகசியமாக இருக்கவில்லை. மின் பகிர்மானக் கழகத்தின் மனு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் ஏற்கெனவே இருந்தது. கட்டணத்தை ஆணையம்தான் நிர்ணயிக்கிறது, அரசு அல்ல என்று சட்டத்தைக் காட்டிச் சொல்லவும் முடியும். உயரும் என்பது தெரியும்; எவ்வளவு என்பதுதான் தெரியாது. தறிக்காரருக்கும் மோட்டார் வைத்திருப்பவருக்கும் வேண்டியிருந்ததோ அந்த ‘எவ்வளவு’தான்.

கட்டண, வரி உயர்வு என்ற கசப்பு மருந்து பலிக்கவும் செய்தது. 2011-12, 2012-13 ஆகிய ஆண்டுகளில் மாநிலத்தின் வருவாய்க் கணக்கு உபரியில் இருந்தது. 2013-14இலிருந்து பற்றாக்குறைக்குப் போனது. அதற்குப் பிறகு திரும்பவே இல்லை. பேருந்துக் கட்டணத்தை 2011க்குப் பிறகு ஆறு ஆண்டுகள் யாரும் தொடவில்லை. மறுபடி தொட்டது 2018 ஜனவரி 20இல், ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் முடிந்து சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. போராட்டம் வெடித்துக் கொஞ்சம் குறைத்தார்கள். அப்போதும் நிதியமைச்சர் பன்னீர்செல்வமே.

இது ஒரு கட்சியின் பழக்கம் என்று நினைத்தால் தவறு. 2022 பிப்ரவரி 19இல், திமுக ஆட்சியில், நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஏப்ரல் முதல் நாள் சொத்து வரி 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்வதாக அறிவிப்பு வந்தது. அப்போது நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன். 2024 ஜூலை 10இல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல், 13இல் முடிவு, 15இல் மின் கட்டணம் 4.83 விழுக்காடு உயர்வு. நிதித் துறையும் மின்சாரத் துறையும் அன்று தங்கம் தென்னரசு ஒருவரிடமே இருந்தன. ஆண்டுதோறும் ஜூலையில் வரும் உயர்வு என்று விளக்கம் தந்தார்கள். இருக்கலாம். விக்கிரவாண்டிக்காரர் அந்த விளக்கத்தைக் கேட்டது வாக்களித்த பிறகு.

கொடுக்கும் கை மட்டும் தேர்தலுக்கு முன்னால் நீளும். 2021 பிப்ரவரி 5இல் முதலமைச்சர் பழனிசாமி கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார், பயனாளிகள் 16.43 லட்சம் விவசாயிகள். பிப்ரவரி 23இல் பன்னீர்செல்வம் வாசித்த இடைக்கால நிதிநிலை அறிக்கை, 2022 மார்ச் முடிவில் மாநிலத்தின் கடன் 5.70 லட்சம் கோடியாகும் என்றது. மூன்றே நாளில், தேர்தல் தேதியைத் தேர்தல் ஆணையம் அறிவித்த அதே நாளில், ஆறு பவுன் வரை கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடி. ஐந்து பவுன் வரை தள்ளுபடி என்றது திமுக. 5.70 லட்சம் கோடி அந்தப் பிரசாரத்தின் மையமாகவில்லை.

அது விரிவாகப் பேசப்பட்டது ஆகஸ்ட் 9இல், பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது. குடும்பத்துக்கு 2 லட்சத்து 63 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கடன் என்று அவர் பிரித்துக் காட்டியதும்தான் ஊர் திடுக்கிட்டது. வெளிநாட்டு வங்கிகளில் வேலைபார்த்தவர், எண்களை ஒளிக்காமல் பேசியவர். இரண்டு ஆண்டில் வருவாய்ப் பற்றாக்குறையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தோம் என்று 2023 மார்ச்சில் கணக்குக் காட்டினார். மே மாதமே தகவல் தொழில்நுட்பத் துறைக்கு மாற்றப்பட்டார். வெள்ளை அறிக்கை புதிதல்ல. 2001இல் அன்றைய நிதியமைச்சர் பொன்னையனும் வெளியிட்டிருக்கிறார். வென்றவர், தோற்றவரைப் பற்றி, தேர்தல் முடிந்தபின் வெளியிடுவது அது. நம்மூரில் வெள்ளை அறிக்கை எந்நாளும் தேர்தலுக்கு முன்னால் வந்ததில்லை.

பன்னீர்செல்வத்தின் வாக்கு வித்தியாசத்தைப் பாருங்கள். போடியில் 2011இல் ஏறத்தாழ 30 ஆயிரம், 2016இல் 15 ஆயிரத்துச் சொச்சம், 2021இல் 11 ஆயிரம். இறங்குமுகம்தான். ஆனால் கடன் ஏறியதற்கும் இது இறங்கியதற்கும் முடிச்சுப் போட முடியாது. போடியில் அவரிடம் யாரும் மாநிலக் கணக்கைக் கேட்கவில்லை. சாதி, கட்சி, தலைமை, எதிரே நிற்பவர் யார் என்பவைதான் அங்கே ஓடின. அவர் விடாமல் சண்டை போட்ட கணக்கு வேறு: கட்சிக் கணக்கு. அதிமுக பொருளாளர் நான்தான், என்னைக் கேட்காமல் பணம் எடுக்க விடாதீர்கள் என்று 2017லும் 2022லும் வங்கிகளுக்குக் கடிதம் எழுதினார். 2024இல் ராமநாதபுரத்தில் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று, அதே பெயருள்ள ஐந்து பன்னீர்செல்வங்களுக்கு நடுவே இரண்டாம் இடம் பிடித்தார்.

தமிழக அரசியலில் கணக்குக் கேட்டு வென்றவரும் ஒரு கட்சிப் பொருளாளரே. 1972 அக்டோபரில் திமுகவின் பொருளாளர் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார், நீக்கப்பட்டார், ஐந்தே ஆண்டில் முதலமைச்சரானார். அவர் கேட்டதும் கட்சிக்காரர்களின் கணக்கைத்தான்.

அரசின் கணக்கை வாக்காளர் முன் வைக்க வழி என்ன? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மாநிலப் பொருளாளரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அமைச்சரவைக் கூட்டுப்பொறுப்பில் அதற்கு இடமில்லை, கஜானாவுக்கும் ஒரு கட்அவுட் வந்து சேரும், அவ்வளவே. நமக்குப் பொருந்துவது ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வைத்திருக்கும் முறை. ஆஸ்திரேலியாவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுத்தேர்தலுக்கான ஆணை பிறந்த பத்து நாட்களுக்குள் நாட்டின் நிதி நிலவரம் பற்றிய அறிக்கை வெளிவர வேண்டும். அதைத் தருபவர்கள் கருவூலத் துறை, நிதித் துறைச் செயலாளர்கள். அமைச்சர் அதில் கைவைக்க முடியாது. நியூசிலாந்து 1994இலேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டது.

தமிழ்நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இருக்கிறது. பற்றாக்குறைக்கு வரம்பு, நடுத்தரக் கால நிதித் திட்டம் எல்லாம் அதில் உண்டு. தேர்தலுக்கு முந்தைய அறிக்கை இல்லை. ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். பொதுத்தேர்தல் அறிவிப்பு வந்த பத்து நாளில் கடன் எவ்வளவு, மின்வாரியத்தின் இழப்பு எவ்வளவு, போக்குவரத்துக் கழகங்களின் பாக்கி எவ்வளவு, எந்தெந்தக் கட்டண மனு எங்கே நிலுவையில் இருக்கிறது என்பதை நிதித் துறைச் செயலாளர் கையெழுத்திட்டுத் தமிழில் வெளியிட வேண்டும். இடைத்தேர்தலுக்கு முழு அறிக்கை வேண்டாம். நிலுவை மனுக்களின் பட்டியலும் கேட்கப்படும் உயர்வும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். 2012 மார்ச்சில் அந்த ஒரு பக்கத்துக்கு வேண்டிய விவரம் மனுவாக மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் அலுவலகத்தில் இருந்தது. அதைச் சங்கரன்கோவில் தாலுகா அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தாலும் முத்துச்செல்வியே வென்றிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். 68 ஆயிரத்தில் சில ஆயிரம் குறைந்திருக்கலாம். ஆனால் அமைச்சர்கள் பனவடலிசத்திரத்தில் காரை நிறுத்தும்போது, யூனிட்டுக்கு எத்தனை காசு என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்க முடியும்.