காய்ந்தது வேறு, வெந்தது வேறு



சென்ற இதழில் கருவாடு பற்றி எழுதினோம். வந்த கடிதங்களோ கருவாட்டை விட்டுவிட்டுக் கறிக்குத் தாவிவிட்டன. டெக்சாஸிலும் டொரண்டோவிலும் இருக்கிற வாசகர்கள், அங்கே கடைக்குக் கடை பாக்கெட்டில் தொங்கும் பீஃப் ஜெர்க்கியை வீட்டுப் பின்பக்கம் புகை போட்டுச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, "நம்ம உப்புக்கண்டத்தைத்தான் அவங்க அந்தப் பேர்ல விக்கிறாங்களா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார். ஒரு கேள்வியில் இன்னொன்றுக்குப் பதில் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசிவிடுவோம்.

ஜெர்க்கியும் உப்புக்கண்டமும் முக்கால்வாசி ஒன்றுதான். கொழுப்பை நீக்கி, கறியை நீளப் பட்டையாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசிறி, நூலில் கோர்த்து வெயிலில் தொங்கவிடுகிறோம். காக்கையும் பூனையும் அண்டாமல் வீட்டுப் பிள்ளை ஒன்றைக் காவல் வைக்கிறோம். ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் மிஞ்சிய கறியைக் காப்பாற்ற வந்த வழி இது. சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே, எயினர் என்ற வேடர்களின் குடியிருப்பில் வந்தவர்களுக்கு உலர்ந்த இறைச்சியோடு சோறு கிடைக்கிறது. ஆண்டீஸ் மலைமக்கள் லாமாக் கறியையும், வட அமெரிக்கப் பூர்வகுடிகள் காட்டெருமைக் கறியையும் இதே காரணத்துக்காகத்தான் உலர்த்தினார்கள். மாட்டுக்கறி உப்புக்கண்டம் இங்கே எத்தனையோ எளிய வீடுகளின் மழைக்கால இருப்பு. கொடியில் தொங்கும்போது முகம் சுளித்துப் போகிறவர், பளபளக்கும் பாக்கெட்டில் பார்த்தால் நின்று விலை கேட்கிறார் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

வேறுபடுவது கடைசிப் படியில். உப்புக்கண்டத்தை யாரும் கொடியிலிருந்து எடுத்து அப்படியே வாயில் போடுவதில்லை. நல்லெண்ணெயில் பொரிக்கிறோம், குழம்பில் கொதிக்கவிடுகிறோம். அதாவது, பச்சையாகக் காய்ந்த கறி சாப்பாட்டுக்கு முன் அடுப்பேறிவிடுகிறது. ஜெர்க்கிக்கு அந்த அடுப்பு இல்லை. பாக்கெட்டைப் பிரித்தால் நேரே வாய்க்குத்தான். ஆகவே அதை முன்கூட்டியே வேக வைத்தாக வேண்டும். வீட்டில் செய்கிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

1995-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், வீட்டில் உலர்த்திய மான்கறி ஜெர்க்கியைச் சாப்பிட்டவர்கள் ஈ.கோலை கிருமி தாக்கி வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அந்தக் கறி 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலான சூட்டில் மணிக்கணக்காக, நன்றாகவே காய்ந்திருந்தது. பிறகு எப்படி? ஈரம் ஆவியாகும்போது, மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போல, கறியின் சூட்டையும் கூடவே கொண்டுபோகிறது. உலர்த்தும் பெட்டிக்குள் 60 டிகிரி காட்டினாலும் கறி அந்தச் சூட்டை எட்டுவதில்லை. ஈரமெல்லாம் வற்றிக் கறி சூடேறத் தொடங்குவதற்குள், தப்பிய கிருமி வறட்சிக்குப் பழகிச் சூட்டையும் தாங்கும் வலுவைப் பெற்றுவிடுகிறது.

அதனால்தான் அமெரிக்க வேளாண்மைத் துறை, உலர்த்துவதற்கு முன்பே கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும் என்கிறது. கோழி, வான்கோழி என்றால் 74. அதற்கப்புறம் 55 முதல் 60 டிகிரியில் நிதானமாக உலர்த்தலாம்.

இனி செய்முறை. கொழுப்பில்லாத பின்தொடைக் கறியாகக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பு காயாது, காறல் வாடை அடிக்கும். கறியை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பாதி இறுகியதும் எடுத்தால் கத்தி வழுக்காமல் சீராக அரியலாம். கனம் 6 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம். நார் ஓடும் போக்கிலேயே அரிந்தால் இழுத்துக் கடிக்க வேண்டும். குறுக்கே அரிந்தால் பல் போனவர்களும் மெல்லலாம். சோயா சாஸ், மிளகு, பூண்டு, உப்பு கலந்த ஊறலில் ஓரிரவு வையுங்கள், ஃப்ரிட்ஜுக்குள்ளேதான். மறுநாள் அந்த ஊறலோடேயே அடுப்பில் ஏற்றி, கொதி வந்த பிறகு 5 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்துவிடுங்கள். கறி நிறம் மாறும். கடையில் விற்பதைப் போலச் செக்கச்செவேல் என்று வராது. பரவாயில்லை.

அடுத்தது புகையில் உலர்த்துவது. மூடி போட்ட கிரில்லில் ஒரு பக்கம் மட்டும் கரியைக் குவித்து, எதிர்ப் பக்கம் கறியைப் பரப்புங்கள். கறியின் மேலீரம் வற்றி, தொட்டால் விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் புகை நன்றாகப் பிடிக்கும். குபுகுபுவென்று வெள்ளையாகக் கிளம்பினால் கறி கசந்துவிடும். நீலம் ஓடிய மெல்லிய புகைதான் வேண்டும். ஆப்பிள், ஹிக்கரி மரத்துண்டுகள் நல்லவை. டெக்சாஸ்காரர்களுக்குப் பிரியமான மெஸ்கீட், நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி; காரமான புகை, அளவோடு போடுங்கள். பிசின் வடியும் பைன், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதுவும் கிட்டே வரக்கூடாது. புகையில் இருக்கும் ஃபீனால்களும் அமிலங்களும் கறி காறாமல் பார்த்துக்கொள்ளும், மேற்பரப்பில் கிருமியை அடக்கும். கறியின் உள்ளே அவற்றின் செல்வாக்கு செல்லாது. வேக வைக்கும் வேலையைப் புகை செய்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

காய்ந்துவிட்டதா என்று பதம் பார்ப்பது எளிது. ஒரு துண்டை ஆறவைத்து வளையுங்கள். மேலே கீறல் விட வேண்டும், ஆனால் இரண்டாக ஒடியக் கூடாது. ஒடிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது. கீறலே விழாமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நாலு கிலோ பச்சைக் கறிக்கு ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும். காற்றுப் புகாத டப்பாவில் வெளியே இரண்டு வாரம் இருக்கும். அதற்கு மேல் வைக்க ஃப்ரிட்ஜோ ஃப்ரீசரோதான். ஆட்டுக்கறிக்கும் இதே கணக்குதான்.

ருசியைப் பேசிவிட்டு மற்றதை மறைக்கக் கூடாது. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்புக் கணக்கு தனி. ஊறுகாயைப் போலத் தொட்டுக்கொள்ளுங்கள், கொறிக்கும் பண்டமாக்கிவிடாதீர்கள்.

மதுரை வாசகிக்கு: ஆமாம் அம்மா, நம் உப்புக்கண்டத்தின் உறவுதான். ஆனால் பொரிக்காமல் அதைத் தின்னும் துணிச்சல் மட்டும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பக்குவத்தை எங்களுக்கு எழுதுங்கள். மற்ற வாசகர்களும் எழுதுங்கள்: என்ன கறி, எத்தனை நாள் வெயில், வெயில் இல்லாத நாளில் என்ன செய்வீர்கள். தேர்ந்தெடுத்தவை அடுத்த இதழில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்