மரத்துப்போவது வீரம் இல்லை மக்களே!

"கை மரத்தா பொறுத்துக்கோ, போகப் போகப் பழகிடும்." ரைபிளோடு குப்புறப் படுத்துச் சுடப் பழகுபவருக்குக் கிடைக்கும் முதல் உபதேசம். சுத்தப் பேத்தல்! நரம்போ ரத்தக்குழாயோ நசுங்கினால்தான் கை மரக்கும். அது பழகாது, பழுதாகும்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், முழங்கை நரம்பு அழுந்துகிறது. அடியில் கனமான விரிப்பு போடுங்கள். முழுக்கையும் மரத்தால் ஸ்லிங் பட்டைதான் குற்றவாளி. தடித்த ஜாக்கெட்டின் மேல், புஜத்தில் இன்னும் உயரத்தில் மாட்டி, ஒரு துளை தளர்த்துங்கள். ஹேண்ட் ஸ்டாப் கையைக் கடித்தால் கையுறை போடுங்கள், அதன் இடத்தை மாற்றுங்கள்.

"நேரம் வீணாகும்" என்பார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கின் 50 மீட்டர் புரோன் போட்டியிலேயே 60 குண்டுக்கு 50 நிமிடம் கொடுத்தார்கள். நடுவில் பட்டையைக் கழற்றிக் கையை உதற அரை நிமிடம் கிடைக்காதா?

குறி வைக்க வேண்டியது அட்டையை. உங்கள் நரம்பை அல்ல!