மாமனாரின் துவக்கு

கனடாவிலே வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஒன்ராறியோ மாகாணத்தின் வடபால், காடும் ஏரிகளும் சூழ்ந்த சிற்றூரொன்றில் தொழில் பார்த்து, அவ்வூர்ப் பெண்ணையே மணந்து, ஓர் ஆண் குழந்தைக்குத் தந்தையாகியும் விட்டவர். "சேர், மாமா காலமாகிவிட்டார். அவருடைய துவக்கு இப்பொழுது என் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு வேட்டைக்குப் போவதா, விற்றுவிடுவதா? நீங்கள்தான் ஒரு முடிவு சொல்லவேண்டும்" என்பது கடிதத்தின் சாரம்.

இலக்கணம் கற்பித்த ஆசிரியரிடம் துவக்கைப் பற்றி யோசனை கேட்டால் நாம் என் செய்வோம்! நம் வீட்டில் உள்ள கூரிய ஆயுதம் திருவலை ஒன்றுதான். "விற்றுவிடும்" என்று ஒரே வரியில் எழுதி அனுப்பவே முதலில் எண்ணினோம். ஆனால், கொல்லாமையை வகுப்பிலே கற்பிக்கும் நாமே கண்ணப்பரின் வரலாற்றையும் கற்பிக்கின்றோம். அவரும் வேடர்தாம், இறைவனுக்கு ஊனமுது படைத்தவர்தாம். ஆதலால் வேட்டையாடுவோர் அனைவரையும் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட நமக்கு வாய் வரவில்லை. அந்தத் துவக்கு எத்தகையது என்று முதலில் விசாரித்தோம்.

அவர் அனுப்பிய படங்களைக் கண்டதும் வியப்படைந்தோம். அது 'லீ-என்பீல்ட்' நான்காம் இலக்க வகையைச் சேர்ந்த இராணுவத் துவக்கு. நம் நாட்டில் பொலிசாரின் தோளிலே பன்னெடுங்காலம் தொங்கிய 'திறீ-நொட்-திறீ'யின் உடன்பிறப்பு. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். பக்கத்திலே 'லோங் பிராஞ்ச் 1943' என்று பொறித்திருக்கின்றது. ரொறன்ரோவுக்கு மேற்கே, ஏரிக்கரையில் இருந்த அந்தத் தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போரின்போது ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட துவக்குகளைச் செய்து தள்ளியது. வேலை செய்தவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். அந்த மிசிசாகா நகரிலே இன்று நம்மவர் பலர் குடியிருக்கின்றனர். தொழிற்சாலையின் சோதனைக் கட்டடம் இப்பொழுது கலைக்கூடமாக விளங்குகின்றது.

போர் முடிந்தபின் இத்தகைய துவக்குகள் மலிவாக விற்கப்பட்டன. குடியானவர்கள் வாங்கி, பாரம் குறையும் பொருட்டு முன்புற மரத்தை அறுத்தெறிந்துவிட்டு மான் வேட்டைக்குக் கொண்டுபோயினர். நம் மாணவரின் மாமனாரும் அவ்வாறே செய்திருக்கின்றார். ஆகவே விலையைப் பற்றிய ஆசைக்கு இடமில்லை. மரம் அறுபடாமல், பாகங்களின் இலக்கங்கள் ஒத்திருப்பனவற்றுக்கே பழம்பொருள் சேகரிப்போர் பல மடங்கு விலை கொடுப்பர்.

வேட்டைக்கு அது பழுதன்று. தோட்டாவை அடைத்துப் பூட்டும் 'போல்ற்' எனும் தண்டின் தலை, பூச்சியம் முதல் மூன்று வரை நான்கு அளவுகளில் வருவது. அது தேய்ந்து இடைவெளி மிகுந்தால் தோட்டாவின் உறை வெடித்துச் சுடுபவருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், துவக்குத் திருத்துபவரிடம் காட்டிச் சோதிக்குமாறு எழுதினோம். பழைய இராணுவத் தோட்டாக்கள் மிஞ்சியிருந்தால் அவற்றைத் தொடவேண்டாம் என்றும் எழுதினோம். அவற்றின் எரிமருந்து குழலினுள்ளே உப்பைப் படியவிட்டுத் துருப்பிடிக்கச் செய்யும்.

இதனிலும் விந்தையான செய்தி ஒன்றுண்டு. உடலினுள் விரியும் சன்னங்களைப் போரிற் பயன்படுத்தலாகாது என்று 1899 ஆம் ஆண்டு ஹேக் நகரிலே நாடுகள் உடன்பட்டன. வேட்டையிலோ கனடாவின் பல மாகாணங்களில் சட்டம் நேர்மாறானது. விரியாத சன்னத்தாற் பெரு விலங்கைச் சுடலாகாது. விரியாத சன்னம் துளைத்துச் சென்றுவிட, விலங்கு காட்டுக்குள் ஓடி நெடுநேரம் வதைபட்டு மடியும். மனிதனுக்கு இரக்கமென்று விலக்கப்பட்டதே விலங்குக்கு இரக்கமென்று விதிக்கப்படுகின்றது!

நிற்க. இவ்வளவும் துவக்கைப் பற்றியவை. கேட்டவரைப் பற்றி அறியவேண்டியதே முக்கியம் என்று தோன்றியது. ஆதலின் மூன்று வினாக்களை எழுதியனுப்பினோம். "தம்பி, உமது வீட்டுக்கு அந்த இறைச்சி தேவையோ? ஒரே குறியில் உயிர் போகும்படி சுடுவதற்கு வேண்டிய பயிற்சி உமக்கு உண்டோ? துவக்கு உமது மனைவியின் தந்தையுடையது, அவரைக் கேட்டீரோ?"

பதில் வர இரண்டு வாரம் சென்றது. அதிலேதான் உண்மை வெளிப்பட்டது. இறைச்சி தேவையில்லை. பயிற்சியும் இல்லை. அனுமதிப் பத்திரம் எடுத்ததுகூட மைத்துனரின் வற்புறுத்தலால். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணமே பெயர்ந்து நடந்த அந்த இரவிலே அவருக்குப் பத்து வயது. இன்றும் வெடிச் சத்தம் கேட்டால் அவருடைய கை தானாகவே பக்கத்தில் நிற்பவரின் கையைத் தேடுகின்றதாம். "இதை அவர்களுக்கு எப்படிச் சொல்வேன், சேர்? பயந்தவன் என்று நினைப்பார்களே. என் மகனும் அவர்களோடு இருக்கிறானே" என்று எழுதியிருந்தார். மனைவியைக் கேட்கவேயில்லை.

அக்கடிதத்தை நாம் இருமுறை வாசித்தோம். பசிக்காகக் கொல்வது ஒன்று. பழக்கத்தாற் கொல்வது இன்னொன்று. நாலு பேர் என்ன நினைப்பரோ என்ற கூச்சத்துக்காக ஓர் உயிரைக் கொல்வதை எந்தக் கணக்கிற் சேர்ப்பது? நடுங்கும் கை குறி தவறினால் அந்த விலங்கு அனுபவிக்கும் வேதனைக்கு யார் பொறுப்பு? இதை எழுதி, "விற்பதா வைத்திருப்பதா என்பதை உமது மனைவியே சொல்லட்டும். ஆனால், அந்த இரவைப் பற்றி முதலில் அவருக்குச் சொல்லும்" என்று முடித்தோம்.

சொல்லியிருக்கின்றார். பதினான்கு ஆண்டு இல்லறத்தில் முதன்முறையாக. அந்த அம்மையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். பின்பு, "அப்பாவுக்கு இந்தத் துவக்கு மண்வெட்டியைப் போல ஒரு கருவிதான். கொண்டுவந்த இறைச்சியில் முதற் பங்கை அயல்வீட்டு விதவைக்குக் கொடுத்துவிட்டே எங்களுக்குச் சமைப்பார். அவருடைய நினைவு அதிலேதான் இருக்கிறது, இந்த இரும்பில் இல்லை" என்றாராம்.

துவக்கை அம்மையாரின் தமையனாரே வாங்கிக்கொண்டார். அங்கே 2022 ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து வாங்குபவரின் அனுமதிப் பத்திரம் செல்லுபடியாகுமா என்பதைப் பதிவாளரிடம் உறுதிப்படுத்திய பின்னரே கைமாற்ற வேண்டுமாதலால், உறவினர்க்கிடையிலும் அவ்வாறே செய்தனர். கதை மைத்துனரின் காதுக்கும் எட்டியது. அவர் கேலி செய்யவில்லை. "மூஸ் ஒன்று நானூறு கிலோ இருக்கும். சுடுவதற்கு ஒருவர் போதும். காட்டிலிருந்து சுமந்து வர நாலு பேர் வேண்டும். வருகின்றாயா?" என்றுமட்டும் கேட்டாராம்.

இவ்விலையுதிர் காலத்தில் நம் மாணவர் வெறுங்கையுடன் காட்டுக்குச் செல்கின்றார். முதற் பங்கை அயல்வீட்டுக்குக் கொண்டுபோவது மகனின் வேலையாம். எஞ்சியதை யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் இட்டுக் கறியாக்கப் போவதாகவும் எழுதியிருக்கின்றார்.

நமக்குப் படம் மட்டும் அனுப்பினாற் போதும் என்று பதில் எழுதியுள்ளோம்.