படத்துக்குக் கீழே நாலு வரி
போஸ்ட் டிசைன் பண்ற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை, கோபிக்க வேணாம்.

ஜனாஸா அறிவித்தல், புலமைப்பரிசில் வகுப்பு நேரம், எல்லாமே பூப்போட்ட படமாத்தான் வருது. கண் பார்வையில்லாத என் மாமாவுக்கு போன் எழுத்தை வாசிச்சுக் காட்டும். படம் வந்தா "படம்" என்று மட்டும் சொல்லும். கூட்டாளி மௌத்தான செய்தி அவர்ட கையிலேயே இருந்தது. அடக்கி முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சது.

கேட்டா, "பாமினியில அடிச்சது சேர், எழுத்தா ஒட்டினா ஆங்கிலக் குப்பையா வருது" என்கிறீங்க. வரத்தானே செய்யும்! பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உடுப்புப் போட்ட எழுத்துரு. யுனிகோடில தமிழ் 1991லேயே வந்துட்டுது.

படம் அழகா இருக்கட்டும். கீழே யுனிகோடில பெயர், வீடு, அடக்கும் நேரம் அடிச்சு விடுறதுக்கு எத்தனை நிமிஷம் போகும்?